ஆயுத பூஜைக்குக் கழுவிய குளம்

எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் இந்தக் கதையை ஒவ்வொரு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதனால் நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டுமானால் தினமும் நெஞ்சளவு தண்ணீரில் நடக்க வேண்டும் என்றார் கோயமுத்தூர் டாக்டர்.
2. ஓட்டல் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனோம். உள்ளே ஆண்கள் இருந்தார்கள். அம்மா வாசலோடு திரும்பிவிட்டார்.
3. பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. அந்தத் தோட்டத்தில் குளம் போட்டுவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார்.
4. சிவில் படித்த நான் கான்கிரீட் என்றேன். அப்பா ஃபைபர்கிளாஸ் வாங்கினார்.
5. அம்மா நடந்தார். வலி குறைந்தது. மாடி ஏறினார்.
6. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குளத்தைக் காலி செய்து கழுவினார்கள்.
7. பூஜையன்று காலை குளம் மண்ணைவிட்டு மேலே வந்து நின்றது.

வாங்கும்போது அப்பா என்னிடம் சொன்ன காரணம் ஒன்றுதான். "நம்ம பொழப்பே ரெடிமேடு, அம்மிணி. ஊட்டுக்கு மட்டும் எதுக்கு அளவெடுத்துத் தெச்சுக்கிட்டு?"

ஃபைபரில் நல்லது இல்லாமல் இல்லை. அச்சில் வார்த்து வரும் ஒற்றைத் தொட்டி. குழி தோண்டி இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, குழாய் மாட்டினால் வேலை முடிந்தது. கான்கிரீட் என்றால் கம்பி கட்டி, கொட்டி, தண்ணீர் ஊற்றி இறுக வைத்து, டைல்ஸ் ஒட்டி, மாதக்கணக்கில் இழுக்கும். ஃபைபர் வழவழவென்று இருப்பதால் பாசி சீக்கிரம் பிடிக்காது, அம்மாவின் பாதத்தையும் சிராய்க்காது. இதையெல்லாம் நானே ஒப்புக்கொண்டேன்.

குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை. விற்பவர் வைத்திருக்கும் வடிவத்தைத்தான் வாங்க முடியும். எங்கள் தொட்டியின் தரை பாதிக்கு மேல் சரிவு. ஆழமில்லாத பாதியிலேயே அம்மா போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடந்தார். தொட்டியை முழுசாக லாரியில் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் சந்தில் கம்பிகள் தாழ்வாகப் போகின்றன. லைன்மேன் கரண்டை நிறுத்தி, கம்பியைத் தூக்கிப் பிடித்து லாரியை விடுவதற்குள் தெருவிலிருந்த தையல் மிஷின் அத்தனையும் நின்றுபோயின. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

பெரிய குறை வேறு. அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. மழைக்காலத்தில் தொட்டியைக் காலி செய்யக் கூடாது. எங்கள் மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். மழைத்தண்ணீர் இறங்க வழியில்லாமல் பாறைமேல் தேங்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான் தொட்டியைக் குழிக்குள் உட்கார வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வெளித்தண்ணீர் அடியிலிருந்து தூக்கும். கான்கிரீட் குளத்துக்கும் அந்த ஆபத்து உண்டு, ஆனால் அதன் எடை ஓரளவு காப்பாற்றும்.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஆயுத பூஜை கழுவுவதில்தான் தொடங்கும். மிஷின், கத்தரிக்கோல், அயர்ன் பாக்ஸ் எல்லாம் துடைத்து, தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். இந்த வருஷம் அதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. நான் சோமனூரில் ஒரு தறிக்கூடம் கட்டும் வேலையைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பியபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குளத்தின் அடி தெரிந்தது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேய்க்கிறவர்களுக்கு மூலை மூலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யாருங்கம்மா காலி பண்ணச் சொன்னது?"

"நாந்தான். என்ற காலைத் தாங்கற தண்ணி. மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சுப்போட்டு இதை மட்டும் அழுக்கோட உடறதா?"

"காலி பண்ணாமயே பொட்டு வெக்கலாமுங்க."

"தண்ணிக்குள்ள பொட்டு நிக்குமா, கண்ணு?"

அப்பாவைப் பார்த்தேன். "நீ சொன்னது ஞாபகம் இருக்குது. மழை பேஞ்சா காலி பண்ணக் கூடாதுன்னே. இன்னிக்கு வெயிலுதான அடிச்சுது?" என்றார்.

அதற்குமேல் பேசிப் பயனில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுபடி நிரப்பத் தண்ணீர் லாரிக்குப் போன் செய்தேன். ஒருவரும் வரவில்லை. அவர்களும் லாரியைக் கழுவி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் போர்வெல் தண்ணீர் விரல் தடிமனில் விழுந்தது. அது தரையை நனைப்பதற்குள் மழை வந்துவிட்டது.

காலையில் தொட்டியின் ஒரு பக்கம் இடுப்புயரம் மேலே வந்து, மறுபக்கம் சாய்ந்து நின்றது. முந்தின நாள் கழுவி முடித்ததும் அம்மா விளிம்பில் வைத்த பொட்டு மழையில் கரைந்து வழிந்திருந்தது, மாலை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் அம்மாவின் அண்ணன் பூஜைப் பொரி வாங்க வந்தார், தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, நீந்தறதுக்குக் குளம்னுதான சொன்னீங்க? குளமே நீந்துதே?"

அப்பா மேலே வந்த விளிம்பை அழுத்திப் பார்த்தார். அம்மா கேட்டார். "இனி நா எங்க நடக்கறது?"

விற்றவருக்குப் போன் செய்தோம். "தண்ணிய எடுத்தீங்களா சார்? அப்ப வாரண்டி கிடையாது சார்" என்று வைத்துவிட்டார்.

அடுத்து வந்த சண்டைதான் என்னை மொத்தமாகச் சலிக்க வைத்தது. அப்பா இப்போது கான்கிரீட் கேட்டார். நான் இதே தொட்டியைச் சரிசெய்து திரும்ப இறக்கலாம் என்றேன்.

"அன்னிக்கு நீதான கான்கிரீட்டுன்னு ஒத்தக்கால்ல நின்னே?"

"ஆமாங்கப்பா. இப்ப கான்கிரீட் கட்டி முடிக்கற வரைக்கும் அம்மா காலு தாங்காதுங்க."

அப்பா ஃபைபர் ஒட்டும் ஆளுக்குப் போன் போட்டார்.

இன்றைய நிலை இது. தொட்டி மேலே வந்தபோது அதில் விழுந்த விரிசலை ஒட்டியாகிவிட்டது, ஒட்டிய இடம் வேறு நிறமாகத் தெரிகிறது. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கக் குழியின் மூலையில் குழாய் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். தொட்டி இன்னும் வெளியில்தான் கிடக்கிறது. அம்மாவால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே முன்னறைக்கு மாற்றியிருக்கிறோம்.