கைலாசம் அண்ணாச்சியின் இடது கை

பெட்டியில் இருநூறு கிராம் என்று அச்சிட்டிருந்தது. அப்பா நம்பவில்லை. இரும்புக் கட்டியை மேசைத் தராசில் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு. கள்ளன் இல்லட்டி, தாராளக்காரன்."

இரண்டாவதை வைத்தார். இருநூற்றைந்து. "பாத்தியா? ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மாதிரி சோறு போடல."

கூடுதல் எடையை இடது பக்கத்துக்கு எடுத்து வைத்தார். எந்தக் கை அதிகம் மரத்துப்போகிறதோ அந்த முனையில் அதிக எடை. அப்படிச் சொன்னது நான்தான். பைக் ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் இப்படி எடை மாட்டினால் அதிர்வு குறையும். நான் அலென் கீயால் கட்டிகளை முறுக்கினேன். அவர் குழாய் முனைக்குள் டார்ச் அடித்தார். டவுணில், எங்கள் வீட்டு வாசலில், செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. இருபது நிமிட வேலை. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அப்பா இறந்துபோனார்.

பெயர் கைலாசம். வயது ஐம்பத்தெட்டு. மின்னணுத் தராசுகளைப் பழுது பார்ப்பவர். ரத வீதி அல்வாக் கடைகள், நகைக் கடைகள், முக்கூடல் பீடிக் கடைகள், நாங்குநேரிப் பக்கத்து உரக் கடைகள் எல்லாம் அவர் கணக்கில் உண்டு. வருடாந்தர அரசு முத்திரைக்கு முன்னால் தராசைத் திறந்து, சரிபார்த்து, மூடித் தருவார். ஒரு மரப்பெட்டியில் சோதனை எடைகள் வைத்திருந்தார். மிகப் பெரியது இருபது கிலோ. மிகச் சிறியது நகம் வெட்டிப் போட்ட துண்டு போன்ற தகடு.

கடைக்குள் நுழைந்ததும் நலம் விசாரிக்க மாட்டார். "தட்டைக் காலி பண்ணும்" என்பார். அவசரப்படும் கடைக்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. "வெறுந்தட்டு என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளும்வே. ஒண்ணுமே வைக்காம அது ரெண்டு கிராம் பேசிச்சுன்னா, பொறவு நீரு எத வச்சாலும் பொய்தான்."

வீட்டிலும் எதையும் எடை போடாமல் விட மாட்டார். சமையல் எரிவாயு உருளை, உளுந்து, என் பயணப் பெட்டி. ஓசூரிலிருந்து நான் வந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லி என்னைத் தராசில் ஏற்றுவார். "ஓசூர்க்காரன் எம்பிள்ளைல ரெண்டு கிலோவ எடுத்துட்டு மிச்சத்த அனுப்பிருக்கான்" என்று அம்மாவிடம் அறிவிப்பார்.

வண்டி என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஓசூரில் வாங்கினேன். ஒற்றை சிலிண்டர், தாழ்ந்த ஹேண்டில்பார், முன்னால் கவிழ்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரகம். கம்பெனி பஸ் வந்த பிறகு அதை வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். விற்கச் சொன்னேன். ஒரு நாள் அப்பாவின் பழைய மொபெட் கிளம்பவில்லை. முக்கூடலுக்கு இதில் போனார். அதன் பிறகு மொபெட் வெளியே வரவே இல்லை.

முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின் இருக்கையில் ரப்பர் ட்யூபால் கட்டிய எடைப்பெட்டி. இந்தக் கோலத்தில் அவர் பந்தய வண்டிக்காரனைப் போலக் குனிந்து, மணிக்கு ஐம்பத்தைந்தில் போவார். அம்மா அதில் ஒரே ஒரு தடவை ஏறினாள். "ஒங்க தலைக்கு மேல நான் உக்காந்து போறேன். சப்பரத்துல சாமி போற மாதிரி ஊரே அண்ணாந்து பாக்கு" என்று பேட்டை முக்கில் இறங்கி டவுன் பஸ் பிடித்துவிட்டாள்.

அல்வாக் கடை காந்திமதிநாதன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாராம். "அண்ணாச்சி, ரேசு எத்தன மணிக்கு?"

"ஒம்ம கடையில ஒரு நாளாவது கூட்டம் வரட்டும்வே. அன்னைக்கு வச்சுக்கிடுவோம்."

ஜூலையில் எனக்கு போன் வந்தது. "ஏட்டி மது, ஒன் வண்டி எங்கையத் தின்னுது."

இரண்டு கையும் மதமதப்பு. வலது கை வண்டியை நிறுத்தினால் சரியாகிவிடும். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சில சமயம் முழங்கை வரை. முந்தின வாரம் நகைக் கடையில் நூறு மில்லிகிராம் தகட்டைக் கீழே போட்டுவிட்டார். "முதலாளி, கணக்கர், வாங்க வந்த பொண்ணு மாப்பிள வரைக்கும் எல்லாரும் தரையில தவழுதாவ. முப்பது வருசத்துல எங்கையில இருந்து எடை விழுந்ததில்ல, தெரியுமா?"

நான் சிரித்தேன். என் வேலையே அதுதான். இருசக்கர வண்டிகளின் கைப்பிடியில் உணர்கருவி ஒட்டி அதிர்வை அளப்பேன். அளந்ததைக் குறைக்க வழி சொல்வேன். எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றினால் நொடிக்கு நூறு அதிர்வு. விரல்களை மரக்கச் செய்யும் அளவு அது. தாழ்ந்த ஹேண்டில்பாரில் உடம்பின் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். என் அப்பாவுக்கு வந்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த நோய் என்று நினைத்தேன்.

"கைப்பிடிய இறுக்காதியப்பா. குருவிக்குஞ்சப் பிடிச்ச மாதிரி பிடிக்கணும். முட்டிய வச்சு டேங்க்க இடுக்கிக்கிடுங்க. முழங்கையத் தளர விடுங்க."

"குதிரையே ஏறாதவனுக்கு இந்த வயசுல குதிரப் பாடமா?"

ஆகஸ்டில் லீவில் வந்தேன். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை முறைப்படி முறுக்கினேன். செயினின் தொய்வைச் சரி செய்தேன். மெத்தென்ற கைப்பிடி உறை மாட்டினேன். உணர்கருவியை ஒட்டி சுத்தமல்லி வரை நானே ஓட்டிப் பார்த்தேன். அதிர்வு பாதியாகக் குறைந்திருந்தது. வலது கை மரப்பது நின்றுபோனது. இடது கை நிற்கவில்லை.

அதற்கு ஒரு அட்டவணை கொடுத்தேன். தேதி, வேகம், எஞ்சின் சுற்று, எத்தனை நிமிடம், எந்தக் கை. ஐந்து கட்டங்கள். அப்பா ஒரு நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, சனிக்கிழமைதோறும் படம் எடுத்து அனுப்பினார். மொத்தம் நாற்பத்தோரு வரிகள். அதில் மூன்று வரிகளில் வேகம் பூஜ்யம், சுற்று பூஜ்யம், இடது கை என்று இருந்தது.

போன் செய்தேன். "வண்டியே ஓடாம எப்படிப்பா கை மரக்கும்?"

"காந்திமதிநாதன் கடை மாடிக்கு இருபது கிலோ கட்டியத் தூக்கிட்டுப் போனேன். பாதிப் படியில வந்துட்டு. செத்த நின்னேன், தானா விட்டுட்டு. நீ கேட்ட கட்டத்துல உள்ளதப் போட்டேன்."

"அதுக்கு முந்தி வண்டி ஓட்டினீயளா?"

"பேட்டையில இருந்து வந்தேன்."

"அந்த அதிர்வோட மிச்சம்தான்."

"மத்த ரெண்டும் படியிலதான் வந்துச்சு." நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒனக்குப் பொருந்தலன்னா அடிச்சிரு."

மூன்று வரிகளையும் நீக்கினேன். சோதனை நிலைக்குப் பொருந்தாத அளவை விலக்குவது எங்கள் ஆய்வுக்கூடத்தில் வழக்கம். அதற்கு விதியும் இருக்கிறது. மீதி முப்பத்தெட்டு வரிகளில் வரைபடம் அழகாக வந்தது. அதை வைத்துத்தான் இடது முனைக்கு அதிக எடை என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை அப்பா நாங்குநேரிக்குப் புறப்பட்டார். ஊருக்கு முன்னால் நாலுவழிச் சாலையோரம் இசக்கிச்செல்வி என்பவரின் டீக்கடை இருக்கிறது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வண்டிய நல்லா ஸ்டாண்டு போட்டுத்தான் நிறுத்துனாவ. ஹெல்மெட்ட கண்ணாடில மாட்டுனாவ. நெத்தியெல்லாம் வேர்வ, துண்ணூறு கரைஞ்சு வழியுது. எடது கையத் தடவிக்கிட்டே இருந்தாவ. 'என்ன அண்ணாச்சி, சுளுக்கா'ன்னேன். 'இல்ல தாயி, வண்டி அதிருது. எம்மக புதுசா எடை மாட்டிருக்கா, பழகுனா சரியாயிரும்'னாவ. டீய ஆத்திட்டுத் திரும்புதேன், பெஞ்சுல சாஞ்சிட்டாவ. தூங்குதாவன்னு நெனச்சேன்மா. டம்ளர பக்கத்துல வச்சேன். தூங்குதாவன்னுதான் நெனச்சேன்."

வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "எங்கன விழுந்தாவ?" விழவில்லை. டார்ச் அடித்து வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. டயரில் காற்று சரியாக இருந்தது. இடது முனைக் கட்டி முறுக்கியபடியே இருந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் மாரடைப்பு என்றார். "கை மரத்துப்போகுதுன்னு முன்னாடி சொல்லியிருக்காரா?"

"சொன்னாங்க சார். அது வண்டியோட அதிர்வு."

அவர் பேனாவை மூடவில்லை. "வண்டி ஓட்டாதப்போ? படி ஏறும்போது, கனம் தூக்கும்போது?"

என் போனில் அட்டவணை இருந்தது. திறந்தேன். முப்பத்தெட்டு வரிகள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒன்பதாம் நாள் ஜெசி என்ற பெண் துக்கம் விசாரிக்க வந்தாள். முக்கூடல் பக்கத்தில் நர்ஸ். கைக்குழந்தைகளை எடை போடும் அவளுடைய தராசை அப்பாதான் பார்த்துத் தருவாராம். அம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது என்னிடம் வாசலில் தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அண்ணாச்சி ஈசிஜி எடுத்தாவளா?"

"என்ன ஈசிஜி?"

"போன மாசம் தராசு பாக்க வந்தாவ. கை மதமதங்குன்னாவ. படி ஏறையில வருதான்னு கேட்டேன். ஆமான்னாவ. அன்னைக்கே டவுணுக்குப் போய் எடுங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். ரெண்டு மட்டம் போன் போட்டும் கேட்டேன். 'மக வாரா, பாத்துக்கிடுவா'ன்னாவ. கடைசியா, அவிய போறதுக்கு முந்துன திங்கக்கிழமை கேட்டதுக்கு, 'சரியாயிட்டும்மா, அது வண்டிக் கோளாறு. மக அளந்து பாத்து முடிச்சிட்டா'ன்னு சிரிச்சாவ."

அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். ஜெசியிடமா, என்னிடமா என்று தெரியவில்லை.

ஜெசி போன பிறகு அந்தச் சீட்டைத் தேடினேன். சட்டைப் பைகளில் இல்லை. அலமாரியில் இல்லை. எடைப்பெட்டி மூடியின் உள்பக்கம் முத்திரைச் சான்றிதழ்களைச் செருகும் துணிப்பை ஒன்று உண்டு. அதில் நான்காக மடித்து இருந்தது.

தராசுப் பதிவேட்டில் எழுதிய பழுது சரியாகிவிட்டால் அப்பா அதை அழிக்க மாட்டார், கிழிக்க மாட்டார், மை பூச மாட்டார். பழைய எழுத்தைப் படிக்க முடியும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு போடுவார். பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் நேரமும் எழுதுவார். அந்த வேலை முடிந்தது, இனி பார்க்க வேண்டியதில்லை என்று அதற்கு அர்த்தம்.

சீட்டில் ஜெசியின் சாய்ந்த கையெழுத்தில் அவர் பெயர், வயது. அடுத்த வரி: "இடது கை மரத்தல், படி ஏறும்போது. உடனே ஈசிஜி எடுக்கவும்." அந்த வரியின்மேல் அளவுகோல் வைத்து இழுத்த ஒரு கோடு. பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம். கீழே நாங்கள் எடை மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. காலை 9.05.