கட்டைவிரலில் இறங்கிய மீன் ஊசி

கல்யாணத்துக்கு முன்பு நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். என் கை தப்பியதே இல்லை என்று பெருமை வேறு. என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் பாறையைத் துளைத்தவர். ஆனால் ஊசியைக் கண்டால் உதறல்.

போன வருஷம் எங்கள் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் ஜிலேபி மீன் குஞ்சு விட்டோம். அன்றைக்கே இவர் மீன் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"கோழிக்குஞ்சுக்குப் பொரிச்ச அன்னைக்கே போடறாங்க. இதுகளுக்கும் போட்டு உட்ருங்க."

"கோழி வேறங்க. இதுகளுக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் சரியா வளரலீங்க. இப்பப் போட்டா வீண். வெரல் நீளம் தாண்டட்டும்."

மறுநாளிலிருந்து தினமும் ஒரு மீனைப் பிடித்து விரலோடு வைத்து அளந்தார். அதுவும் சுண்டுவிரலோடு!

"நடுவெரல வைங்க" என்றேன்.

"எந்த வெரல்னு அவங்க சொல்லலியே புள்ள."

மீன்கள் நடுவிரலையும் தாண்டிய பிறகு டாக்டரம்மா மருந்தோடு வந்தார். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை மயங்க வைத்து, வயிற்றில் ஊசி போட வேண்டும். கரையெல்லாம் பிரியாணி வாசம். மீனைப் பிடித்து நீட்டுவது என் வீட்டுக்காரர், குத்துவது நான். அரைமயக்கத்தில் இருந்த ஒன்று சட்டென்று துள்ளியது. ஊசி அவர் கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

"கொன்னுபுட்டியே புள்ள!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. விரலைக் கழுவச் சொல்லி, தடுப்பூசி டப்பாவில் இருந்த விவரச் சீட்டைக் கையில் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

"மீன் முள்ளு குத்திருச்சுங்களா?" என்றார் அங்கிருந்த நர்ஸ்.

"இல்லீங்க, மீனுக்குப் போடற தடுப்பூசிங்க. இவரு குறுக்க வந்துட்டாருங்க."

நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, விரலைச் சுத்தம் செய்து, இவருக்கு இன்னொரு ஊசி எழுதினார். அது ஏறும்போது கண்ணை இறுக மூடி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. சாயங்காலம் விரல் வீங்கியபோதுதான் எனக்கும் பயம் வந்தது. அவருக்குத் தெரியாமல் அடிக்கடி எட்டிப் பார்த்தேன்.

ரெண்டு நாளில் வீக்கம் வடிந்தது. உடனே தெருத் தெருவாய்ப் போய், "என் ஊட்டுக்காரி வேணும்னே குத்திப்புட்டா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மறுக்கவே இல்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் என் பேச்சுக்கு வீட்டில் நல்ல மரியாதை.

மிச்ச மீன்களுக்கு மறுவாரம் போட்டோம். அப்போதும் அவர்தான் பிடித்து நீட்டினார், வெல்டிங் பட்டறையில் இரவல் வாங்கிய தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு.