கேட் போனை அகற்றச் சொன்னவன் நான்

1. முதல் நாள்

ஒரகடத்தில் கைபேசி சார்ஜர் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராகச் சேர்ந்த முதல் நாளில், என்னிடம் இரண்டு கைபேசிகளும் ஒரு ஸ்மார்ட் வாட்சும் ஒரு ஜோடி இயர்பட்சும் இருந்தன. கேட்டில் நின்ற செக்யூரிட்டி துரை அண்ணன் அவற்றை மேசைமேல் பரப்பிவைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், வேலைக்கு வந்தீங்களா, கடை போட வந்தீங்களா? ஒண்ணும் உள்ள போவக் கூடாது. லாக்கர்ல வெச்சிட்டு டோக்கன் வாங்கிக்கங்க."

புதிய கருவி எது சந்தைக்கு வந்தாலும் அதைத் தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் படித்த நாள்களில் சொற்போர் மேடைகளில் நான் வாங்கிய பரிசுகள் இன்னும் என் அறை அலமாரியில் இருக்கின்றன. எதிரணி எழுப்பும் கேள்வியை எழுந்த வேகத்திலேயே உட்காரவைப்பான் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை. கருவிகளின்மேல் இருந்த காதலும் நாவின்மேல் இருந்த செருக்கும் ஒன்றுசேர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதை, இந்த ஆண்டு உற்பத்தி லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

2. சீட்டும் கைசனும்

கைபேசி நுழையாத இடத்துக்கு வீட்டுச் செய்தி எப்படி வரும்? அதற்காகக் கேட்டில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. வீட்டிலிருந்து யாராவது அழைத்தால், துரை அண்ணன் பெயரையும் லைன் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, நடந்து வந்து சூப்பர்வைசரிடம் கொடுப்பார். சீட்டோடு அவர் கதவருகே தெரிந்தால் லைனில் பேச்சு நின்றுவிடும். யார் பெயர் என்று தெரியும்வரை எல்லாருடைய வீட்டிலும் ஏதோ நடந்திருக்கும்.

ஒருநாள் கேட்டில் கன்டெய்னர் லாரி சோதனை நடந்ததால் ஒரு சீட்டு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. பள்ளியில் விழுந்து கை முறிந்த குழந்தையின் தாய், செய்தி தெரியாமல் அந்த நாற்பது நிமிடமும் என் கண்முன்னே ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் ஒரு கைபேசி ஆப்பை உருவாக்கினேன். வீட்டார் அதில் பெயரைத் தொட்டால் போதும். லைனுக்கு மேலே உள்ள டிஸ்ப்ளேயில் அந்தப் பெயர் அடுத்த நொடியே ஒளிரும். அது நல்ல கருவி. இன்றும் அதைத் தயங்காமல் சொல்வேன்.

மாதாந்தரக் கைசன் கூட்டத்தில், அதாவது தொழிலாளர்கள் தம் முன்னேற்ற யோசனைகளைச் சொல்லும் கூட்டத்தில், அதை எடுத்துவைத்தேன். மேலாளர் ராமநாதன் மகிழ்ந்தார்.

"ஆப் நல்லாருக்குப்பா, போட்டுடலாம். ஆனா கேட் போனும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. அது என்ன சோறா கேக்குது?"

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மைக் என் கையில் இருந்தது. "ஐயா, பாலம் கட்டிய பிறகும் பரிசலை விட்டுவைத்தால், பாலத்தின்மேல் புல்தான் முளைக்கும்! பழைய வழி திறந்திருக்கும்வரை புதிய வழியில் எவர் நடப்பார்?" என்றேன். கைதட்டல் எழுந்தது.

அது அடங்கியதும் ஸ்டெல்லா அக்கா எழுந்தார். சோல்டரிங் லைனில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். வீட்டில் அவரும் தாய் ஞானம்மாவும் மட்டும்தான்.

"தம்பி, எங்கம்மாகிட்ட பட்டன் போன்தான் கீது. அதுல இது வருமா?"

"அக்கா, உங்க அம்மாவுக்காக டெக்னாலஜி பின்னால நடக்கணும்னா சொல்லுங்க, நாளையிலேர்ந்து நாமளும் புறா வளர்ப்போம்!"

அரங்கம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "புறாவுக்கும் டோக்கன் போடுவாருப்பா துரை!" என்றது. சிரிப்பு இன்னொரு மடங்கானது. ஸ்டெல்லா அக்காவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் கேட்டது கேள்வி. நான் சொன்னது பதில் அல்ல. முதல் பரிசாக ஒரு புளூடூத் ஸ்பீக்கர் தந்தார்கள். மாதக் கடைசியில் கேட் போனின் இணைப்பைத் துண்டித்தார்கள்.

3. ஞானம்மாவின் விரல்

ஸ்டெல்லா அக்கா தாய்க்காக ஒரு டச் போன் வாங்கினார். ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து அவர்கள் வந்தபின், சொல்லிக்கொடுப்பதற்காக வடக்குப்பட்டுக்குப் போனேன். ஞானம்மா செங்கல் சூளையில் முப்பது ஆண்டுகள் கல் அறுத்தவர். விரல் நுனிகள் காய்ந்து, தோல் தடித்துப் போயிருந்தன. அவர் ஆப்பைத் தொட்டார்; திரை அசையவில்லை. மறுபடி தொட்டார், அப்போதும் அசையவில்லை.

"இன்னாபா இது, நான் தொட்டா மட்டும் தெரில இதுக்கு? செத்தவ கைன்னு நெனச்சிகிச்சா?"

"ஏம்மா, வாய வெச்சிகினு சும்மா இரேன்," என்றார் மகள்.

காரணம் எனக்குத் தெரியும். தோலின் வழியே செல்லும் மிக நுண்ணிய மின்சாரத்தைக் கொண்டுதான் திரை விரலை உணர்கிறது. காய்ப்பேறிய வறண்ட தோலை அதனால் சரிவர உணர முடியாது. இதை அவருக்கு அழகாக விளக்கினேன். விரலைச் சற்று ஈரப்படுத்திக்கொள்ளச் சொன்னேன். ஈரம் பட்டதும் ஒருமுறை திரை திறந்தது.

"எச்சி தொட்டுத் தொட்டுக் கிழிக்க இது இன்னா பஸ் டிக்கெட்டா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திறந்தது அந்த ஒருமுறைதான். என் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'பயிற்சி முடிந்தது' என்று டிக் அடித்து, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

4. செவ்வாய்க்கிழமை

சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து ஸ்டெல்லா அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனபோது, ஞானம்மா சமையலறை வாசலில் விழுந்து கிடந்தார். உயிர் போய்ச் சில மணி நேரமாகியிருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் முதல் ஷிப்டில் இருந்தார்கள். மீதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்துக் கதவைச் சாத்தி உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் போனேன். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள என் அறையிலிருந்து பைக்கில் போகும் வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்பதையும் மேடைப்பேச்சைப் போலவே தயாரித்தேன் என்பதை எழுத இப்போது கை கூசுகிறது.

டச் போன் அலமாரியில் இருந்தது. அதன் கண்ணாடி முழுவதும் ஈர விரல் பட்டுக் காய்ந்த தடங்கள். ஸ்டெல்லா அக்கா தாயின் பழைய பட்டன் போனை என் கையில் கொடுத்தார். அழைப்புப் பட்டியலில் முதலில் மகளின் எண் இருந்தது. அது எங்கள் லாக்கருக்குள் ஒலித்து ஓய்ந்திருக்கும். அதன்பின் பதினோரு அழைப்புகள். பதினொன்றும் கேட் போனுக்கு.

"கட் பண்ணிட்டாங்கன்னு சொல்லித்தான் வெச்சிருந்தேன் தம்பி. வலியில அந்த நெனப்பு வருமா?"

"நூத்தியெட்டுக்குப் போட்டுக்கலாமே," என்றார் பக்கத்தில் இருந்த உறவுக்காரர்.

"அதுக்கு வலின்னா என்னியதான் கூப்டும் சித்தப்பா. வேற யாரத் தெரியும் அதுக்கு?"

அந்த எண்ணை என் கைபேசியில் போட்டுக் கேட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை, தயவுசெய்து எண்ணைச் சரிபார்க்கவும் என்று பதிவுக்குரல் சொன்னது.

ஸ்டெல்லா அக்காவுக்கும் அது கேட்டது. "நம்பர் அம்மாவுக்கு மனப்பாடம். அப்படியும் செவுத்துல எழுதி மாட்டியிருந்த தாள எறக்கிப் பக்கத்துல வெச்சிகினு போட்டுக்கீது. அது சரிபாரு சரிபாருன்னு சொல்லச் சொல்ல, இது சரிபாத்துகினே இருந்துக்கீது. தான்தான் தப்பாப் போடறோம்னு நெனச்சிகினே பூடுச்சி தம்பி."

"அக்கா, அன்னிக்குக் கூட்டத்துல நான்..."

"வேணாம் தம்பி, பேசாத. நீ பேசுனா எனக்கும் அது சரின்னு பட்டுடும்."

இருட்டும்வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

5. புதிய எண்

செய்தி வந்திருந்தால் ஞானம்மா பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை என் பக்கம் சாய்த்து வாதாட எனக்குத் தெரியும். ஆகவேதான் அதைத் தொடுவதில்லை.

மேலாளரிடம் போய், "கேட்டுக்கு லேண்ட்லைன் வேணும் சார்," என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பழைய எண் திரும்பக் கிடைக்கவில்லை. புதிய எண்ணை அட்டைகளில் எழுதி, விடுமுறை நாள்களில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தவும் முடியவில்லை, நிறுத்தாமல் போகவும் முடியவில்லை. அவரே வெளியே வந்தார்.

"எங்க வூட்டுக்கு எதுக்கு தம்பி? கூப்பிட ஆளில்ல." பிறகு அட்டையை வாங்கிப் பார்த்தார். "இவ்ளோ பொடியா எழுதினா யாருக்குத் தெரியும்? பின்தெருவுல நம்ம லைன் மல்லிகாவோட மாமியா கீது. கண்ணு சரியில்ல. அதுக்குப் பெருசா எழுதிக் குடு."

பழைய நாள்காட்டித் தாள் ஒன்றை அவரே கொண்டுவந்தார். அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு இலக்கத்தையும் விரல் உயரத்துக்கு எழுதினேன். மல்லிகாவின் மாமியார் தாளைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொரு பட்டனாகத் தேடித் தேடி அழுத்தினார். நடுவில் ஓரிடத்தில் தவறவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். சொல்லிக்கொடுக்க என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எட்த்துட்டாங்க!" என்றார் அவர். பிறகு போனுக்குள், "ஒண்ணுமில்லப்பா, சும்மா போட்டுப் பாத்தேன். வெச்சிடறேன்."

நீங்களும் நாளை எதையாவது புதிதாகக் கண்டுபிடிப்பீர்கள். பழையதைக் கழற்றுவதற்கு முன்னால், புதியதைப் பயன்படுத்த மிகவும் சிரமப்படப்போகிறவரின் கையில் அதைக் கொடுங்கள். அவர் தாமாகவே செய்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் அருகில் நில்லுங்கள். ஞானம்மா வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி நின்றிருக்க வேண்டும்.