அவளை அழ வை, தாயே

1957-ம் வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் கோமு போய்விட்டாள். ஆறு வயது. ஒரே பிள்ளை. டைபாய்டு என்றார் டாக்டர். காய்ச்சல் இறங்க வேண்டும் என்று தென்காசிக் கோயிலில் உலகம்மை சன்னதியே கதியென்று கிடந்தேன். ஈர வேட்டியோடு பிராகாரத்தில் உருண்டேன். இறங்கவில்லை. நான் கேட்டு அம்மன் தராதது அது. அன்பர்களே, அதையும் சொல்லிவிட்டுத்தான் தந்ததைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் பொய்யன்.

என் மனைவி செண்பகம் அழவில்லை. தெருப் பெண்கள் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு எழுந்து கோமுவின் பாவாடையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மறுநாளும் அதையே துவைத்தாள். அதற்கடுத்த நாளும். பேச்சு நின்றுபோனது. எதைக் கேட்டாலும் ஒரு “ம்”. எனக்குச் சோறு போடுவாள், தான் தின்னமாட்டாள்.

எதிர்வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “தம்பி, அவள எப்படியாச்சும் அழ வச்சிரு. இப்படியே உள்ள அடக்கி வச்சிருந்தான்னா ஆளே மிஞ்சமாட்டா, பாத்துக்கோ.”

எப்படி அழ வைக்க? கோமு பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வாசலைத் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். அதன்பிறகு சன்னதியில் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. “பிள்ளையைத்தான் காப்பாற்றித் தரவில்லை, தாயே. இவளை அழவாவது வை” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். பெண்டாட்டி அழ வேண்டும் என்று எவன் வேண்டுவான்?

அப்போது நான் புளியறைக்கு மேலே மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் சமையல்காரன். துரை தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டார். கிரேக்க நாட்டில் பாய்மரப் படகு ஒன்று வாங்கி, தீவு தீவாகச் சுற்றப் போகிறாராம். துரைசாணிக்கு முட்டுவலி, துணைக்கு ஒரு பெண் வேண்டும். இருவரும் ஒரு கோடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். அந்தத் துணிக்கொடியை விட்டு அவளைக் கொஞ்சம் தூரமாகக் கொண்டுபோனால் போதும் என்று ஒத்துக்கொண்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்த அக்காவின் வீட்டுக்கார அண்ணாச்சி கேலி பண்ணினார். “பாளையங்கோட்டையத் தாண்டாத மனுசன் கடலத் தாண்டப் போறீராக்கும்! அங்கன போயி துரைக்குச் சொதியா வைக்கப் போறீரு?” எல்லாரும் சிரித்தார்கள். செண்பகம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் கிரேக்கக் கடலின் நீலத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் படகின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வெங்காயம் நறுக்கும்போதும் அவள் சேலைத் தலைப்பின் நுனி என் காலடியில்தான் இருக்கும். மிதித்துக்கொண்டே நறுக்குவேன். குதித்துவிடுவாளோ என்று பயம்.

ஒருநாள் மத்தியானம் வாடைக்காற்று கிளம்பியது. கயிறுகளுக்குள் புகுந்து ஐந்தருவி போல இரைந்தது. துரைசாணி முட்டுவலியோடு கீழ் அறையில் படுத்திருந்தார். துரை படகை ஒரு தீவுத் துறைமுகத்துக்குத் திருப்பினார். மூன்று பக்கமும் மலை. உள்ளே போய் நங்கூரம் போட்டுவிட்டால் பிழைத்தோம். ஆனால் பாயை இறக்கும்போது கயிற்றில் சிக்கி அவருடைய வலது கை விரல்கள் நசுங்கிவிட்டன. இடது கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, நங்கூரத்தை என்னைப் போடச் சொன்னார். தண்ணீர் வெளிறித் தெரியும் இடத்தில் அடியில் மணல் இருக்கும், கறுப்பாகத் தெரிந்தால் பாசி, பாசியில் நங்கூரம் பிடிக்காது என்று முன்பே சொல்லித் தந்திருந்தார்.

வெளிறின இடம் பார்த்துப் போட்டேன். சங்கிலி கடகடவென்று இறங்கியது. அடியைத் தொட்டதும் சங்கிலியில் முளையைச் சொருகி நிறுத்திவிட்டேன். கூட விட்டால் படகு பின்னால் போய்ப் பாறையில் மோதிவிடும் என்று எனக்கு நினைப்பு. சங்கிலியை விறைப்பாக வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

படகு நிற்கவில்லை. பின்னால் போய்க்கொண்டே இருந்தது. காலுக்குக் கீழே சங்கிலி குடுகுடுவென்று அதிர்ந்தது. துரை பின்னாலிருந்து கத்தினார். காற்று அவர் வாயிலிருந்தே சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. பாறையில் ஒட்டியிருந்த சிப்பி எனக்குத் தெரிந்தது, அவ்வளவு கிட்டே.

செண்பகத்தைப் பார்த்தேன். பாய்மரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துளி பயமில்லை. ஊருக்குப் போகும் பஸ் வருவதைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்த முகத்துக்குப் பயந்தது போலக் காற்றுக்குக்கூட நான் பயப்படவில்லை.

“உலகம்மா!” என்று வாய்விட்டு அலறினேன். “இந்தக் கடலும் உன் உலகத்துல சேர்த்திதானே! இவளைக் கைவிட்டுராதே! ஒரே ஒரு தடவை அழ வச்சிரு, தாயே!”

“என்ன மனுஷன்யா நீரு!”

யார் குரல் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. செண்பகம் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.

“செங்குத்தாப் பிடிச்சுக்கிட்டு நிக்குதீரே, கிணத்துல வாளியா தூக்குதீரு? இப்படிப் பிடிச்சா கொக்கி குதிக்கத்தான்யா செய்யும்! நீளமா விடும்! அது படுத்தாத்தான் கடிக்கும்! விடும்யா!”

எங்கள் தெருவில் யார் வாளி கிணற்றில் விழுந்தாலும், பாதாளக்கரண்டியை இறக்கி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அந்தக் கொக்கிக் கொத்தைத் தளர விட்டுச் சாய்த்து இழுத்தால்தான் மாட்டும் என்பது அவளுடைய கைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான் யோசிப்பதற்குள் முளையைப் பிடுங்கிவிட்டாள். சங்கிலி நெருப்புப் பறக்க ஓடியது. படகு இன்னும் பாறையை நோக்கிப் போனது. போச்சு என்று கண்ணை மூடினேன். ஒரு குலுக்கல். படகின் மூக்கு அமுங்கி, அது காற்றைப் பார்த்துத் திரும்பி, சறுக்குக்கட்டை போட்ட தேர் போல நின்றுவிட்டது.

துரை ரத்தக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் கத்தியதும் அதைத்தானாம்.

செண்பகம் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். கையெல்லாம் துரு. என்னையே பார்த்தாள்.

“ஏங்க… நம்ம கோமு போயிட்டால்லா?”

“ஆமா ஏட்டி. போயிட்டா.”

அப்போதுதான் அவள் வாய் திறந்தது. அந்த அலறல் மூன்று மலையிலும் பட்டுத் திரும்பியது. “குத்தாலத்துல இன்னும் கொஞ்ச நேரம் குளிக்கேன்னு கெஞ்சுனாளே! சளி பிடிக்கும்னு இழுத்துட்டு வந்துட்டேனே! என் தங்கமே, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கப்பிடாதா நான்!” நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். பிள்ளையை எடுத்துப்போன அன்று நானும் சரியாக அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காற்று தணிந்ததும், கரையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் சின்னப் படகில் வந்து, எங்கள் படகிலிருந்து ஒரு கயிற்றைக் கொண்டுபோய்க் கரைப் பாறையில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தம்மா உடுத்தியிருந்தது முழுக்கக் கறுப்பு, அங்கே துக்கத்துக்கு உடுத்துவது. செண்பகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எங்கள் படகில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். இவள் தென்காசித் தமிழில் கோமு கதையைச் சொல்லுகிறாள், அவள் தன் பாஷையில் யாரையோ சொல்லி அழுகிறாள். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. சாயங்காலம் அந்தம்மா ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். செண்பகம் வாங்கித் தின்றாள்.

இது 1966. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் உலகம்மை முன்னால் நின்று நன்றி சொல்லுகிறேன். பிள்ளையை ஏன் எடுத்தாய் என்று அதே வாயால் சண்டையும் போடுகிறேன். இரண்டையும் அவள் கேட்டுக்கொள்கிறாள் என்றே நம்புகிறேன். சன்னதியில் நல்ல வார்த்தைதான் பேச வேண்டும் என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். இப்போது உள்ளதைப் பேசுகிறேன்.

அன்பர்களே, நீங்களும் கூச்சப்படாமல் உள்ளதைக் கேளுங்கள். பைத்தியக்காரத்தனமான வேண்டுதல் என்று ஒன்று அவளிடம் கிடையாது. உங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து, அழாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாய் யாராவது இருந்தால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். இலத்தூரானாலும் புளியறையானாலும் செண்பகம் வருவாள். வந்து பக்கத்தில் உட்காருவாள்.