மெல்லாத வெற்றிலை

என் அப்பா தங்கராஜு பேச்சில் புலி, பல்வலி வந்தால் பூனை. 1935-இல் அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் வலித்திராவிட்டால் நாங்கள் மலாயாவில் ஜொகூரை விட்டுப் பகாங் மலைக்குக் குடிபோயிருப்போம். அப்போது எனக்கு ஆறு மாதம். அதனால் இது அம்மா அங்கம்மா சொன்ன கதை. அப்பா நடுநடுவே "அப்படி இல்ல" என்று மறுத்ததையும் கணக்கில் எடுத்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவும் அப்பாவும் யோங் பெங்குக்கு நாலு மைல் உள்ளே இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினார்கள். அப்பாவுக்கு நாளுக்கு நாற்பது காசு, அம்மாவுக்கு முப்பத்திரண்டு. பெரிய வாழ்வு என்று சொல்ல முடியாது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் பூசணிக்கொடி, நாலு கோழி, ஓர் ஆடு, அவ்வளவுதான் சொத்து. எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயதைக் காணவில்லை. அதனால் நான் தும்மினால்கூட அம்மா அடுப்பை விட்டு ஓடி வருவாராம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் லெட்சுமணன் சித்தப்பா வந்து இறங்கினார். அப்பாவுடைய சித்தப்பா மகன். பகாங்கில் ஒரு மலைத்தோட்டத்தில் கங்காணி. காலில் சப்பாத்து, தலையில் தொப்பி, கூடவே மனைவி செல்வராணி, அவர் தோளில் தூங்கிய ஒன்றரை வயது மகன். பங்காளி வந்த சந்தோஷத்தில் நாலு கோழி மூன்றானது.

சாப்பிட்டதும் சித்தப்பா விஷயத்துக்கு வந்தார். தன் தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை. ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. ரயில் செலவும் தோட்டத்துடையது. தான் கூட்டிப் போகும் ஒவ்வோர் ஆளும் வேலைக்கு நிற்கும் நாளெல்லாம் தனக்கு இரண்டு காசு தலைக்காசு உண்டு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எந்தக் கங்காணி சொன்னான்?

அப்பா கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினார். இருவருக்கும் சேர்த்து நாளுக்குப் பதினெட்டுக் காசு அதிகம். மாதத்துக்கு நாலரை வெள்ளிக்கு மேல். சுவரே சிரித்தது போலிருந்ததாம் அவருக்கு. ஆடு கோழியை விற்க வேண்டும், பூசணியைக் கொண்டுபோக முடியாது என்று அம்மா சொன்னதற்கு, "அங்க மண்ணு இல்லியா?" என்று கேட்டாராம்.

மறுநாள் காலை, அம்மா துணி துவைக்கப் போன நேரத்தில், சித்தப்பா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் இரண்டு வெள்ளியும் வைத்து நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெற்றிலை வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனை எந்த லயத்திலும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். திங்கட்கிழமை விடியலில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில், கணக்கு எழுதும் கிராணியிடம் ஒரு மாத நோட்டீஸ் சொல்வதென்று முடிவாயிற்று. நோட்டீஸ் போட்டால் எங்கள் வீட்டுக்கு அன்றைக்கே வேறு ஆள் பெயர் ஏறிவிடும்.

அம்மா துணியோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. கோபம் தலைக்கேறினாலும் விருந்தாளிகள் எதிரே சண்டை பிடிக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். செல்வராணி சித்தி உதவிக்கு வந்தார். மகன் காலைக் கட்டிக்கொண்டு சிணுங்கவே, அம்மா அவனை வாரித் தூக்கினார். தூக்கிய கை தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டதாம். காலிக் கூடையைக் கனமென்று நினைத்துத் தூக்கினால் ஆகுமே, அப்படி. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதக் குழந்தையான என் கனம்கூட இல்லை.

அம்மா கூலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அங்க நீங்க எத்தன மணிக்குப் பசியாறுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் தோட்டத்தில் மரம் சீவி முடிக்கப் பத்து மணி ஆகும். பால் மங்குக் கிண்ணத்தில் வடியும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு ஓடிவந்து, பிள்ளைக்கும் பால் கொடுத்து, தானும் பசியாறிவிட்டு அம்மா திரும்பிப் போவார். கொட்டகை கூப்பிடு தூரத்தில்.

சித்தி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மணி ஆகும்க்கா. மலை மேல மரம். நடுவுல எறங்கி வந்தா திரும்ப ஏற முடியாது. எனக்கு மூணு மாசத்துல பால் வத்திப் போச்சு. அப்பறம் டின் பால்தான். ரெண்டு நாளைக்கு ஒரு டின், இருவத்தஞ்சு காசு. அரிசியும் அங்க வெல கூட. கூடக் குடுக்கறது எல்லாம் அதுலயே போயிருதுக்கா."

பயந்துதான் போனேன் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பணம் போனால் போகட்டும். மூன்றாவது பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுக்க அவரிடம் தெம்பு இல்லை. ஆனால் வெற்றிலை?

அப்பாவைக் கொல்லைப்புறம் கூப்பிட்டுச் சித்தி சொன்னதைச் சொன்னார். அப்பா முகம் சுருங்கிப் போயிற்று. "வாக்குக் குடுத்துட்டேனே, அங்கம்மா" என்றார்.

"வெத்தலய மென்னீங்களா?"

அப்பா வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். பல்வலி. மெல்லவில்லை. துண்டில் முடிந்து வைத்திருந்தார்.

"அப்ப அது இன்னும் வெத்தலதான். வாய்க்குள்ள போனாத்தான் வாக்கு. எடுங்க."

இப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் கேட்கவில்லை. முழுகப் போகிறவனுக்குக் கயிறு கிடைத்தால் அது யாருடைய கயிறு என்றா விசாரிப்பான்?

வாடிய வெற்றிலையையும் இரண்டு வெள்ளியையும் அம்மாவே தட்டில் வைத்துக் கொண்டுபோய்ச் சித்தப்பா முன்னால் வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. கைப்பிள்ளக்காரி. மல ஏற முடியாது" என்றார். சித்தப்பாவுக்கு முகம் கறுத்தது. அண்ணனைப் பார்த்தார், அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரைச் சித்தி தடுத்தார்.

"விடுங்க. அவங்களாவது சமநெலத்துல இருக்கட்டும்."

மனைவி நாலு பேர் எதிரே அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. சிறிது நேரம் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வெள்ளியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். புறப்படும்போது அம்மா அவர்கள் மூட்டையில் இரண்டு பூசணிக்காயை வைத்துக் கட்டினார்.

மறுநாள் பிரட்டில் பெயர் கூப்பிட்டபோது அப்பா போட்ட "இருக்கேன்" பக்கத்துத் தோட்டம் வரை கேட்டதாம். அன்று மாலை சுவர்க் கணக்கை ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "மாசம் நாலரை வெள்ளி" என்று முனகினார்.

பால் குடித்து முடித்த என்னை அம்மா கொண்டுவந்து அவர் மடியில் தொப்பென்று போட்டார். அப்பா என்னைத் தூக்கினார், இறக்கினார், திரும்பத் தூக்கினார். முதல் நாள் தம்பி மகனையும் அவர் தூக்கியிருந்தார்.

"நல்ல கனமாத்தான் இருக்கா" என்றார். சொல்லும்போது குரல் உடைந்ததென்று அம்மா சொல்வார். அப்பா மட்டும் கடைசிவரை அது பல்வலி என்றே சாதித்தார்.