சவுரிராயனுக்கு அடித்த பேனர்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஃப்ளெக்ஸ் கடையில், கணினித் திரையில் கணவரின் படத்தைப் பார்த்ததும் அமலோற்பவமேரிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சவுரிராயன் இறந்து ஒரு வருடம். மறுநாள் விழுப்புரத்தில் இசை ரசிகர் சங்கம் ஒன்று அவருக்கு நினைவுக் கச்சேரி வைத்திருந்தது. படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்ததும் அவள் முகம் மாறியது.

‘நாட்டுப்புற இசைக் கலைஞர்.’

“இத யாரு எழுதிக் குடுத்தது?”

டிசைன் போடும் பானுப்ரியா, “செகரட்டரி சார்தாங்க்கா. தோ, அவரே உக்காந்துகினு இருக்காரே” என்று கை காட்டினாள்.

சங்கச் செயலாளர் விருத்தாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கச்சேரியிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர். கெட்டவர் இல்லை. இந்த விழாவை நடத்தலாம் என்று சொன்னதே அவர்தான்.

“ஏம்மா, தப்பா? உங்க ஜனங்களுக்குப் பரம்பரையா வந்தது அதானே? பெருமதானே?”

காலனியில் பிறந்தவர், ஆகவே நாட்டுப்புறம். இதைத் தீர்மானிக்க விருத்தாசலத்துக்குக் காது தேவைப்படவில்லை, முகவரி போதுமாக இருந்தது. இசை ரத்தத்தில் வருகிறது என்று படித்தவர்கள் நம்புவதும் மூடநம்பிக்கைதான். மந்திரித்த கயிறு மட்டும்தான் கையில் இல்லை.

“பறை பெருமதாங்க. எங்க மாமனாரு அடிச்சா ஒக்காந்திருக்கறவன் எழுந்து ஆடுவான். ஆனா இவரு அத ஒரு நாளும் தொட்டதில்ல. இவரு வாசிச்சது வேற.”

வேறுதான். சவுரிராயன் புதுச்சேரித் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். இருபது வயதில், விழுப்புரத்தில் ஒரு பாட்டு வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார். வாத்தியார் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், பாடச் சொல்லவில்லை. “இதெல்லாம் உனக்கு வராதுப்பா” என்று அனுப்பிவிட்டார். அந்தத் தீர்ப்பைச் சவுரிராயன் ஏற்கவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் வானொலிக் கச்சேரி, வீட்டுக்கு வந்ததும் பழைய கீபோர்டில் அதே ஆலாபனை. கீபோர்டில் கமகம் பேசாது என்பார்கள். அவர் பேச வைத்தார். வலது கை ஸ்வரத்தைப் பிடித்திருக்கும்போதே இடது கைப் பெருவிரலால் ஓரத்துப் பிட்ச் சக்கரத்தை உருட்டி, வீணைக்காரர் தந்தியை இழுப்பதுபோல ஒலியை இழுத்தார். அந்த ஒலியை எலெக்ட்ரிக் கிட்டாரை உறும வைக்கும் பெடலுக்குள் விட்டார். கண்டமங்கலத்துத் தேவா டிரம்ஸில் இடி இடித்தான். புதுச்சேரி மேடைகளுக்கு முன்னால் முடி வளர்த்த பிள்ளைகள் பெயர் தெரியாத ராகங்களுக்குத் தலையைச் சுழற்றினார்கள்.

சபாக்காரர்கள் இரைச்சல் என்றார்கள். மாதா கோயிலில் சாத்தான் பாட்டு என்றார்கள். இரு தரப்புக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: வால்யூமைக் கூட்டுவார். பத்தொன்பது வருடம் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் மேரி கேட்டிருக்கிறாள், ராகங்களின் பெயரோடு.

“சார், அவரு வாசிச்சத நீங்க கேட்டிருக்கீங்களா?”

“கேட்டேன்மா. காது வலி வந்துடிச்சி.”

“எத்தினி நிமிஷம் கேட்டீங்க?”

விருத்தாசலம் தொண்டையைச் செருமினார். “ஒரு நிமிஷம் இருக்கும்.”

மேரி தன் கைபேசியைப் பானுப்ரியாவிடம் நீட்டினாள். “உன் ஸ்பீக்கர்ல இத ஜல்தியா போடும்மா. முழுசா ஓடட்டும்.”

டிரம்ஸ் அதிர்ந்ததும் விருத்தாசலம் முகத்தைச் சுளித்தார். அது அடங்கி, கீபோர்டு மட்டும் தனியாக ஏறத் தொடங்கியதும் சுளிப்பு மெல்லக் கலைந்தது. கண்ணை மூடினார். கை தொடைக்குப் போனது.

“பலே! ஷண்முகப்ரியா!”

“இல்லீங்க. சிம்மேந்திர மத்திமம்.”

“எனக்கு நாப்பது வருஷக் கேள்வி ஞானம்மா.”

“மேல நிஷாதத்துல நிக்கறாரு பாருங்க, அத மட்டும் கேளுங்க. ஷண்முகப்ரியான்னா கொஞ்சம் எறங்கி நிக்கும். இது மேல் ஸாவ ஒட்டிக்கினு நிக்குது.”

அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். விருத்தாசலம் கூடவே முனகிப் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை அவர் முனகவில்லை, தலை குனிந்து கேட்டார்.

“ஆமாம்மா, நீ சொல்றதுதான் சரி. யாரும்மா இவருக்குச் சொல்லிக் குடுத்தது?”

“சொல்லிக் குடுக்க மாட்டேன்னாங்க. அவரே கத்துக்கினாரு.”

விருத்தாசலம் திரையில் இருந்த வரியை மறுபடி படித்தார். பிறகு அவரே கேட்டார்: “சரி, என்ன போடலாம்?”

“கர்நாடக இசையை ஹார்டு ராக்கில் வாசித்த கீபோர்டு கலைஞர்.”

பானுப்ரியா உதட்டைப் பிதுக்கினாள். “அக்கா, அம்மாம் நீளத்துக்கு எடமே இல்லக்கா. பாதி பேனர்ல சங்கத்து ஆளுங்க போட்டோதான் இருக்குது. சாரு போட்டோவே இம்மாம் பெருசு.”

பட்டுச் சால்வை போர்த்திச் சிரித்துக்கொண்டிருந்த தன் படத்தை விருத்தாசலம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“என்னுத… கொஞ்சம் சின்னதாக்கும்மா.”

“கொஞ்சம்னா எவ்ளோ சார்?”

“அவங்களக் கேளு.”

மேரி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேராக உட்கார்ந்தாள்.

“கடைசி வரிசையில நிக்கறவனும் படிக்கற மாதிரி எழுத்து பெருசா வரட்டும். மிச்ச எடத்துல சாரு இருந்துக்கட்டும்.”