சாம்பல் எழுத்துப் பண்டிதர்

தொழிற்சாலையை ஜப்பான்காரர்கள் வாங்கிவிட்டார்கள் என்றதும் ஸ்டோர் சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் எழுத்துப் பயிற்சிப் புத்தகங்களை வரவழைத்துச் சாப்பாட்டு மேசையில் கடை பரப்பினார். ஒவ்வொரு வரியிலும் முதல் சில கட்டங்களில் எழுத்து சாம்பல் நிறத்தில் மங்கலாக அச்சாகியிருக்கும். அதன்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். மீதிக் கட்டங்கள் காலி. அங்கே சொந்தமாக எழுத வேண்டும். இந்த மகானோ நாக்கைத் துருத்திக்கொண்டு மங்கல் எழுத்துகளின்மேல் மட்டும் ஓட்டிவிட்டு, பக்கத்துக்கொரு நட்சத்திர ஸ்டிக்கரைத் தனக்குத் தானே பரிசாக ஒட்டிக்கொண்டார்.

"காலியா கெடக்கிற கட்டத்தையெல்லாம் எங்கப்பா வந்து எழுதுவாரா?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் மக்குப் பசங்களுக்குடி. எனக்குக் கை படிஞ்சிடுச்சு."

ஆபீஸில் அவர் பீற்றிக்கொண்ட பீற்றலில் மேனேஜரே ஏமாந்துபோனார். புது முதலாளி வந்த அன்று, ஜப்பானிய மொழியில் வரவேற்பு வாசகம் எழுதச் சொல்லி எல்லோர் முன்னாலும் அவரைப் பலகையருகே நிறுத்தினார். மார்க்கரும் கையுமாக நின்றவர், வெள்ளைப் பலகையில் சாம்பல் எழுத்து எங்காவது தெரிகிறதா என்று தேடினார். கடைசியில் முதலாளியோடு வந்த மொழிபெயர்ப்பாளரின் காதருகே குனிந்தார்.

"நீங்க லேசா ஒரு தடவை எழுதிக் குடுங்க சார், அதுமேல நான் ஜம்முனு எழுதிடறேன்."